80 பக்கக் கொப்பி

செவ்வாயும் வெள்ளியும் விடிந்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும். தரம் 2இல் என் வகுப்பில் 34 பிள்ளைகள். அதில் ஒருவன் அந்த இரண்டு நாளும் ஓட்டோவில் இருந்து இறங்கும்போதே அழுதுகொண்டு வருவான். அடம்பிடிக்கிற பிள்ளையின் அழுகை இல்லை அது. தொண்டையைக் கிழித்துக்கொண்டு வரும். வகுப்புக்குள் வந்து, பையைக் கழற்றாமலே சுவர் மூலையில் குந்தி, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொள்வான். மற்ற மூன்று நாளும் அதே பிள்ளை அதே வாசலால் வந்து, தன் கதிரையில் இருந்து, பென்சில்களை ஒரே நீளக் கோடாக அடுக்கிவிட்டு, என்னைப் பார்க்காமலே "குட் மோர்னிங் ரீச்சர்" என்பான்.

அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தம்பி என்று வைத்துக்கொள்கிறேன். இதை எழுதலாமா என்று அவனுடைய அம்மாவிடம் முதலில் கேட்டேன். "எழுதுங்கோ ரீச்சர், வேற தாய்மாரும் வாசிக்கட்டும்" என்றார்.

தம்பிக்கு ஓட்டிசம். யாழ் போதனா வைத்தியசாலையில் மூன்றரை வயதில் சொல்லியிருந்தார்கள். தமிழில் இதற்கு மதியிறுக்கம் என்று ஒரு சொல் புழங்குகிறது. எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. மதி ஏதோ இறுகிப் போய்விட்டது என்று கேட்பவர்கள் நினைத்துவிடுகிறார்கள். தம்பி நான்கு வயதிலேயே கலண்டரைப் பார்த்துக் கிழமை சொன்னவன். அவன் மதி இறுகவில்லை. உலகத்தின் சத்தமும் வெளிச்சமும் பேச்சும் அவனிடம் வந்து சேருகிற விதம்தான் வேறு.

செவ்வாயிலும் வெள்ளியிலும் என்ன இருக்கிறது என்று நான் தேடத் தொடங்கினேன். செவ்வாய் உடற்கல்வி. வெள்ளி காலையில் பூசை, தேவாரம், மேளம். சரி, சத்தம்தான் காரணம் என்று முடிவு செய்தேன். பூசைக்கு அவனைக் கூட்டிப்போகாமல் வகுப்பிலேயே வைத்திருந்தேன். உடற்கல்விப் பாடத்துக்குப் பதிலாக நிறம் தீட்டக் கொடுத்தேன். ஒன்றும் மாறவில்லை. கலண்டர் தாளில் சிவப்பாலும் பச்சையாலும் குறித்துக் குறித்து இரண்டு மாதம் போய்விட்டது. 19 வருடம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்தவள், ஒரு பிள்ளையின் அழுகைக்குக் காரணம் கண்டுபிடிக்க எனக்குத் தெரியாதா என்ற எண்ணம் மனதில் இருந்தது. அந்த எண்ணம்தான் இரண்டு மாதத்தைத் தின்றது என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த இடையில் தாயை வரச் சொன்னோம். அதிபர் அறையில் அதிபர், பகுதித் தலைவர், நான் மூன்று பேரும் மேசைக்கு ஒரு பக்கம். அவர் மறுபக்கம், கதிரையின் நுனியில், மடியில் ஒரு கோப்பு. நான் பேசினேன். எழுதுகிறான் இல்லை, கத்துகிறான், போன கிழமை பக்கத்துப் பிள்ளையின் கையைக் கடித்துவிட்டான். அவர் ஒவ்வொன்றுக்கும் "ஓம் ரீச்சர், ஓம் ரீச்சர்" என்றார். பிறகு வைத்தியசாலைக் கடிதத்தைக் காட்டக் கோப்பைத் திறந்தார். அந்தக் கடிதங்களோடு சேர்த்து, நான் முதலாம் தவணையில் கிழித்துக் கிழித்து எழுதி அனுப்பிய துண்டுகள் எல்லாம் ஊசியால் குத்தப்பட்டு இருந்தன. "இன்று எழுதவில்லை." "இன்று கத்தினான்." "கவனிக்கவும்." பதினொரு துண்டு. ஒன்றிலும் ஒரு நல்ல சொல் இல்லை.

"பையைத் திறக்கவே கை நடுங்கும் ரீச்சர்" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் கேட்டார். "நான் ஃபோன் காட்டிச் சோறு தீத்தினதாலயோ இப்பிடி வந்தது? மாமி அப்பிடித்தான் சொல்லுறா." இல்லை, தங்கச்சி, இல்லவே இல்லை என்றேன். ஓட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு பெரியது. வளர்ப்பால் வருவதில்லை. ஆனால் தாயின் மேல் பழி போடும் பழக்கம் மாமியிடமிருந்து தொடங்கியதும் இல்லை. தாயின் பாசம் குளிர்ந்து போனதால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று ஒரு காலத்தில் பெரிய பெரிய நிபுணர்களே எழுதினார்கள். அமெரிக்காவில் புரூனோ பெட்டல்ஹைம் அதைப் பரப்பியவர்களில் ஒருவர். அதை மறுத்து எழுந்தவர்களில் எரிக் ஷோப்லர் என்ற உளவியலாளர் முக்கியமானவர். வட கரோலினாவில் 1972இல் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக அவர் தொடங்கிய டீச் (TEACCH) திட்டத்தில் பெற்றோரைச் சிகிச்சையில் கூட வேலை செய்கிறவர்களாகவே உட்கார வைத்தார். நாங்களோ தாயை மேசைக்கு மறுபக்கம் உட்கார வைத்திருந்தோம்.

இனி ஓட்டோ அண்ணையின் கதை.

ஒரு வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டபின், அவர் வாசலில் தம்பிக்காகக் காத்து நின்றார். நான் சும்மா கதை கொடுத்தேன். "இண்டைக்கும் காலமை ஒரே அழுகை அண்ணை, ஏனெண்டே தெரியேல்லை" என்றேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "செவ்வாய், வெள்ளி எண்டா நான் மற்றப் பிள்ளையை முதல்ல இறக்கப் போறனான் ரீச்சர். அண்டைக்கு மானிப்பாய் வீதியாலதான் வாறது, அந்த வழியில ரயில் கடவை வராது. ரயில் கடவையைப் பாக்காட்டி இவன் விடமாட்டான். உங்களுக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது. இரண்டு மாதம் சிவப்பாலும் பச்சையாலும் நான் தேடியது, தினமும் பாடசாலை வாசலில் நிற்கும் ஒருவரின் வாயில் இருந்தது. அவரை ஒருவரும் கேட்கவில்லை. அவரும், ரீச்சருக்குத் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டார். கடவையில் கை மரம் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் தம்பி தண்டவாளத்தைப் பார்த்து ஏதோ சொல்லுவானாம். பிறகு பாடசாலை வரும். அவன் மனதில் ஒரு நாள் அப்படித்தான் தொடங்கும். கடவை வராவிட்டால் அது தொடங்காத நாள். தொடங்காத நாளுக்குள் அவனை இழுத்துக்கொண்டு வந்து தேவாரம் பாடு என்றால் அவன் என்ன செய்வான்?

அடுத்த கிழமை வலயத்தின் விசேட கல்வி ஆசிரிய ஆலோசகரிடம் இதைச் சொன்னேன். கடவையையும் மற்ற வழியில் வரும் கோயில் கோபுரத்தையும் படம் எடுத்து, இன்று எந்த வழி என்று புறப்பட முன்பே காட்டுங்கள் என்றார். படத்தால் நாளைச் சொல்லும் இந்த முறையும் ஷோப்லரின் டீச் திட்டத்தோடு பரவியதுதான். ஓட்டோ அண்ணை தன் ஃபோனாலேயே இரண்டையும் படம் எடுத்து, கொமினிக்கேசன் கடையில் அச்சடித்து, லமினேட் பண்ணிக் கொண்டுவந்தார். காசு வாங்கவில்லை. முதல்நாள் இரவு அம்மா படத்தைக் காட்டுவார். காலையில் அது ஓட்டோவின் முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கும். முதல் செவ்வாய் அழுதான். அந்த வெள்ளியும் அழுதான். அடுத்த செவ்வாய் முனகிக்கொண்டு வந்தான். நாலாம் கிழமை கோபுரப் படத்தைக் கையில் பிடித்தபடி வகுப்புக்குள் வந்து, அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்க் கதிரையில் இருந்தான்.

அன்று நான் ஒரு 80 பக்க ஒற்றைறூள் கொப்பி வாங்கினேன். வீட்டுக்கும் பாடசாலைக்கும் தினமும் போய் வரும் கொப்பி. இப்படி ஒன்று வைப்பது புதிய யோசனை இல்லை. ஆனால் நாங்கள் இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தோம். முறைப்பாடு எழுதக் கூடாது, நடந்ததை மட்டும் எழுத வேண்டும். அடுத்தது, தம்பியோடு பழகும் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. எழுத வசதிப்படாதவர்கள் சொன்னால் நான் எழுதுவேன். ஓட்டோ அண்ணை வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்புவார்.

அம்மாவின் முதல் வரி: "இரவு கரண்ட் போய்விட்டது. ஃபான் இல்லாமல் 2 மணிக்குத்தான் படுத்தான்." அந்த ஒரு வரியால் அன்று காலை அவனிடம் கணிதம் கேட்காமல் விட்டேன். முன்பென்றால் "சோம்பல்" என்று துண்டு எழுதியிருப்பேன்.

அம்மம்மா சொல்லி அம்மா எழுதியது: "பிட்டும் வாழைப்பழமும் வேறு வேறு டப்பா. ஒன்றில் ஒன்று தொடக் கூடாது." எனக்குச் சுருக்கென்றது. இடைவேளையில் அவன் சாப்பிடாமல் இருந்தால் நான்தான் பக்கத்தில் இருந்து, பழத்தைப் பிசைந்து பிட்டோடு குழைத்துத் தீத்தப் பார்த்தவள். எங்கள் ஊரில் பிள்ளைக்கு அன்பு என்றால் குழைத்துத் தீத்துவதுதான். அவன் துப்பினான். அவனைப் பொறுத்தவரை நான் இரண்டு நல்ல சாப்பாட்டையும் பழுதாக்கிவிட்டேன்.

பேச்சுச் சிகிச்சைக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் திகதி கிடைக்கும். பேச்சுச் சிகிச்சையாளர்கள் நாட்டிலேயே குறைவு, தமிழில் வேலை செய்யக்கூடியவர்கள் இன்னும் குறைவு. ஒருமுறை அரைநாள் லீவு போட்டு அம்மாவோடு நானும் போனேன். அந்த அரை மணித்தியாலத்தில் நான் கற்றதை எந்தச் செயலமர்விலும் கற்கவில்லை. வகுப்பில் நான் "தம்பி, கொப்பியை எடு" என்பேன். எடுக்காவிட்டால் "எடுங்கோ ராசா", பிறகு "எங்க உங்கட கொப்பி?", பிறகு "கணிதக் கொப்பியல்லோ சொன்னனான்". எனக்கு அது ஒரே கட்டளை. அவனுக்கு நான்கு வேறு வேறு வாக்கியம். முதலாவதை விளங்கி எடுக்கக் கை நீட்டும்போது இரண்டாவது வந்து விழுகிறது. "ஒருதரம் சொல்லிப்போட்டு மனதுக்குள்ள பத்து எண்ணுங்கோ ரீச்சர்" என்றார் சிகிச்சையாளர். அடுத்த நாள் எண்ணினேன். ஏழில் அவன் கொப்பியை எடுத்தான்.

இன்னொன்று அவனுடைய பேச்சு. தாகம் எடுத்தால் தம்பி "தண்ணி வேணுமோ?" என்பான். எனக்குத் தண்ணி வேண்டுமா என்று கேட்கிறான் என நினைத்து "வேண்டாம் அப்பன்" என்று சொல்லியிருக்கிறேன். எத்தனை நாள் அவன் தாகத்தோடு இருந்தானோ! வீட்டில் தண்ணீர் தரும்போது எல்லோரும் அப்படித்தானே கேட்பார்கள். தண்ணீர் வருகிற நேரத்துச் சொல்லை அப்படியே எடுத்து வைத்திருக்கிறான். லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 1943இல் ஓட்டிசம் உள்ள 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இது இருக்கிறது. கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்வதையும், நான் என்ற இடத்தில் நீ என்பதையும் அவர் அன்றே குறித்து வைத்தார்.

அதோடு, தம்பி பேசியது எங்கள் ஊர்த் தமிழும் இல்லை. சின்ன வயதில் இருந்து பார்த்த கார்ட்டூன்களின் தமிழ்நாட்டுத் தமிழ். "ஐயோ, மாட்டிக்கிட்டோம், சீக்கிரம் வாங்க!" என்பான், மணி அடிக்கும் நேரத்தில். பெரியவர்களே சிரித்தார்கள். திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துச் சிரித்தார்கள். சிகிச்சையாளர் அதற்கும் வழி சொன்னார். அந்த வசனம் எந்தக் காட்சியில் வருகிறது, அங்கே என்ன நடக்கிறது என்று வீட்டில் பார்த்து எழுதச் சொன்னார். அந்த வேலையை அம்மம்மா எடுத்துக்கொண்டார். ஒரு பின்னேரம் முழுக்கப் பேரனோடு இருந்து கார்ட்டூன் பார்த்துவிட்டு, அடுத்த நாள் கொப்பியில் சொல்லி அனுப்பினார்: "நாய் துரத்தேக்க பூனை சொல்லுறது." பயமாக இருக்கிறது, இங்கிருந்து போவோம் என்று அவன் சொல்லியிருக்கிறான். தன்னிடம் இருந்த சொல்லில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். நாங்கள் சிரித்தோம்.

எங்கள் பாடசாலை மணி மாமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. இரும்புக் கம்பியால் அடித்தால் பக்கத்து ஒழுங்கைக்கும் கேட்கும். என் வகுப்பு யன்னலில் இருந்து பத்து அடி. 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டின் ஐந்தாவது பதிப்பில்தான் ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்வது ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்ந்தது. தாய்மாருக்கு அது எப்போதோ தெரியும். மணியை மாற்ற அதிபர் விரும்பினார், காசு இல்லை. மணி அடிக்கும் ஐயாவிடம் போய்க் கேட்டேன், மெதுவாக அடிக்கலாமோ என்று. "மெதுவா அடிச்சா விளையாட்டு மைதானத்துக்குக் கேக்காது பிள்ளை" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் அடிக்க முன்னம் அவனுக்குச் சொன்னாச் சரிதானே?" என்றார்.

அடுத்த நாளில் இருந்து ஒவ்வொரு பாடமும் முடியும்போது அவர் முதலில் எங்கள் யன்னலுக்கு வருவார். கையைத் தலைக்கு மேல் உயர்த்துவார். தம்பி காதைப் பொத்திக்கொள்வான். ஐயா திரும்பி நடந்து போய் அடிப்பார். ஒரு நாளைக்கு ஒன்பது தரம், முழங்கால் நோவோடு. இதை எந்த நிபுணரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இரண்டாவது கூட்டத்தை நூலகத்தில் வட்டமாகக் கதிரை போட்டு வைத்தோம். முதலில் அம்மா பேசினார், தம்பிக்கு எது எது பிடிக்கும் என்பதில் இருந்து. அம்மம்மா வந்தார். ஓட்டோ அண்ணை வந்து கதவடியில் நின்றார். உள்ளே கூப்பிட்டு இருத்தினோம். ஆலோசகர் வந்தார். மணி ஐயா அதிபர் கூப்பிட்ட பிறகுதான் வந்தார். இருபது நிமிடம். அன்று பெரிய தீர்மானம் ஒன்றும் எடுக்கவில்லை. தம்பி கடிப்பதற்கு முன் கழுத்துப் பட்டியை இழுப்பான் என்று அம்மம்மா சொன்னார். மூன்று பேர் ஒரே நேரத்தில் "ஓமோம், நானும் கண்டனான்" என்றோம். ஒவ்வொருவரும் தனித்தனியே கண்டிருக்கிறோம், ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பட்டியில் கை போனால் அவனை நூலக மூலைக்கு அனுப்பினோம், ஐந்து நிமிடம் கலண்டர் பார்க்க. கடி நிற்கவில்லை, ஆனால் அந்தத் தவணையில் இரண்டே இரண்டு தரம்.

எல்லோரும் இப்படி இருக்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பன் எழுந்து, "எங்கட பிள்ளையளின்ர படிப்புக் கெடும், இவையளுக்கெண்டு தனிப் பள்ளிக்கூடம் இருக்குத்தானே" என்றார். தரம் 5 புலமைப்பரிசிலுக்கு மூன்று வருடம் இருக்கிறது, பயம் அப்போதே வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் வருகிறது. விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்காகக் கோண்டாவில் சிவபூமிப் பாடசாலை செய்யும் தொண்டை ஊரே அறியும். ஆனால் எந்தப் பிள்ளைக்கு எந்த இடம் என்பதை இன்னொரு பிள்ளையின் புள்ளியை வைத்துத் தீர்மானிக்க முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதி செய்தது. எல்லோரோடும் சேர்ந்து கற்பதை அதன் 24ஆவது உறுப்புரை உரிமை என்கிறது. அதை அதிபர் சொன்னார். நான் ஒரு கணக்குச் சொன்னேன். 2009இல் வெளியான ஓர் இலங்கை ஆய்வில், ஒன்றரை முதல் இரண்டு வயதுப் பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவரிடம் ஓட்டிசம் காணப்பட்டது. எங்கள் ஆரம்பப் பிரிவில் முந்நூறு பிள்ளைகளுக்கு மேல். தம்பி மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், மற்றவர்களை நாங்கள் இன்னும் அடையாளம் காணவில்லை என்றேன். கூட்டம் அமைதியானது. அந்தத் தகப்பன் சமாதானமாகவில்லை.

பிள்ளைகளிடம் எதைச் சொல்வது என்பதை அம்மாதான் தீர்மானித்தார். ஓட்டிசம் என்ற பெயர் வேண்டாம், "அவனுக்குச் சத்தம் எங்களைவிடப் பெரிசாக் கேக்கும், சொல்லு வர நேரம் எடுக்கும், அவ்வளவுதான்" என்று சொல்லச் சொன்னார். பிள்ளைகள் அதோடு விட்டுவிட்டார்கள். பக்கத்தில் இருக்கும் பெண்பிள்ளை ஒரு நாள் அவனிடம் அழிறப்பர் கேட்டுவிட்டு, விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்றேன். "எண்ணுறன் ரீச்சர். நீங்களும் எண்ணுறனீங்கள்தானே." அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

வருடக் கடைசியில் எனக்கு வேறு வலயத்துக்கு இடமாற்றம் வந்தது. எங்கள் பாடசாலைகளில் இது ஒரு பெரிய ஓட்டை. ஆசிரியர் போகும்போது பிள்ளையைப் பற்றித் தெரிந்த அத்தனையும் அவரோடு போய்விடும், புதிதாக வருபவர் மறுபடி ஒன்றில் இருந்து தொடங்குவார், அந்த மாதங்களுக்கான விலையைப் பிள்ளை கொடுக்கும். இடமாற்றக் கடிதத்தோடு பொருட்பட்டியல் கையளிக்கச் சொல்கிறார்கள், கதிரை எத்தனை மேசை எத்தனை என்று. இதற்கும் ஒரு கையளிப்பு வேண்டும் என்று யாராவது சுற்றறிக்கை போட மாட்டார்களா என்று ஏங்குகிறேன்.

பழைய கொப்பி முடிய நாலு தாள்தான் மிச்சம். புதிதாக ஒன்று வாங்கி, தரம் 3 ரீச்சருக்காக முதல் பக்கத்தை எல்லோருமாக நிரப்பினோம். அம்மா எழுதினார், அம்மம்மா சொல்ல நான் எழுதினேன், ஓட்டோ அண்ணை இரண்டு படத்தையும் பிசின் போட்டு ஒட்டினார். பேச்சுச் சிகிச்சையாளர் கிளினிக்கில் வைத்து "பத்து எண்ணவும்" என்று எழுதிக் கையொப்பம் இட்டிருந்தார். கடைசியாக மணி ஐயாவிடம் கொண்டுபோனேன். தனக்கு எழுத்து வடிவாக வராது என்று தயங்கினார். பிறகு கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, பேனையை வாங்கி, மாமரத்தடியில் குந்தியிருந்து நேரம் எடுத்து எழுதினார்.

"புது வகுப்பு எந்தப் பக்கம் எண்டு எனக்குச் சொல்லவும். அந்த யன்னலுக்கு வர வேணும்."